கயிறு கட்டின ஸ்பிரிங்

வண்டிக்கு அடியில படுத்துப் பொழைக்கிற தொழில்ல, எஞ்சினுக்குப் பயப்படாதவன்கூட முன்பக்க ஸ்பிரிங்கைக் கண்டா ஒதுங்கித்தான் நிப்பான். வண்டி கொண்டு வர்ற பார்ட்டி மட்டும் ஒதுங்க மாட்டான். முதலியார்பேட்டையில பட்டறை வெச்சிருந்தப்போ நான் பட்டதைச் சொல்றேன், நீங்களும் பட்டிருப்பீங்க.

உப்புத் தண்ணி

சுனாமிக்கு அடுத்த வருஷம், வீராம்பட்டினத்துக் கலியமூர்த்தி அண்ணன் ஒரு பழைய பிக்கப்பை ஓட்டிக்கிட்டு வந்தார். வண்டி முன்பக்கம் ஒரு ஓரமா சாஞ்சு கெடந்துச்சு. படகை வித்துட்டு மீன் ஏத்தறதுக்கு வாங்கின வண்டி. அது ஓடினாத்தான் வீட்டுல அடுப்பு எரியும்.

வண்டியைக் கடக்கரையில எறக்கி எறக்கி ஸ்பிரிங்கை உப்பு அரிச்சிருந்துச்சு. ஒரு சுத்து முறிஞ்சே போச்சு. ரெண்டு பக்கமும் மாத்தணும்னேன். அண்ணன் குனிஞ்சு பார்த்தார். "கடலே வேணாம்னு வந்தேன் தம்பி. அது இங்கயும் வந்து கடிச்சிருக்கு பாரு."

கிளாம்ப்

சக்கரம், ஷாக் அப்சார்பர் எல்லாம் கழட்டி, ஸ்பிரிங் எகிறாம கீழே ஜாக்கி முட்டுக் குடுத்துட்டேன். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கிளாம்பை எடுத்தா, மரை தேஞ்சு கெடக்கு. உழவர்கரையில தெரிஞ்ச பட்டறையில வாங்கிட்டு வர்றேன், அதுவரைக்கும் கிட்டப் போகாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.

அவருக்குப் பொறுக்கலை. விடிஞ்சா மீன் எறங்கும், வண்டி இல்லைன்னா யாவாரி வேற வண்டியைப் புடிச்சுக்குவான். படகு கட்டுற நைலான் கயிறு வண்டியிலயே கெடந்துச்சு, அதால கட்டிக்கலாம்னார். அந்தக் கயிறு இழுவைக்கு நீளும், ஸ்பிரிங்குக்கு ஆகாதுன்னேன். அவருக்குக் கோவம் வந்துடுச்சு. "நான் போட்ட முடிச்சு இதுவரைக்கும் அவுந்ததில்லை."

ஆட்டோவுல

கிளாம்போட திரும்பி வந்தா பட்டறை வாசல்ல கூட்டம். அவரே ஸ்பிரிங்கைக் கயித்தால கட்டிட்டு ஜாக்கியை எறக்கியிருக்கார். கயிறு நீண்டு, ஸ்பிரிங் எகிறி, வலது மணிக்கட்டை நொறுக்கிடுச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துல ஒரு அறை விடலாம்போல இருந்துச்சு. அழுகையும் சேந்து வந்துச்சு.

ஆட்டோவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். வழியெல்லாம் கையைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. முடிச்சு அவுந்துச்சான்னு மட்டும் கேட்டார். இல்லண்ணே, கயிறுதான் நீண்டுடுச்சுன்னேன். கண்ணை மூடிக்கிட்டு, "அதான பாத்தேன்"னார்.

வண்டி எடுக்க வந்தப்போ

புது ஸ்பிரிங் ரெண்டும் போட்டு வண்டியை நிமித்தி வெச்சேன். கையில மாவுக்கட்டுப் பிரிச்சப்புறம் அண்ணனும் அவர் சம்சாரம் பூங்காவனமும் வந்தாங்க. சீட்டுல ஏறி ஸ்டியரிங்கைத் திருப்பினார். மணிக்கட்டு மடங்கலை. இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். அப்புறம் எறங்கி, அந்தாண்ட போய் ரோட்டைப் பார்த்து நின்னுக்கிட்டார்.

வண்டியை வித்துடலாமான்னு கேக்க வாயெடுத்தேன். அந்தம்மா புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு டிரைவர் சீட்டுல ஏறி உக்காந்துச்சு. அவர் காதுல விழாம மெதுவாக் கேட்டுச்சு: "லைசன்சுக்கு யாரைப் பாக்கணும் தம்பி?"

மாத்தச் சொல்லி வந்தது ரெண்டு ஸ்பிரிங்தான், மாறிப் போனது டிரைவர்.