தவளை கத்தாத ஊருணி

முதலில் அதைக் கேட்டவர் அந்தத் தஞ்சாவூர் அக்காதான். ஐப்பசியில் நல்ல மழை பெய்து ஊருணி நிறைந்த மறுநாள் காலை, எங்கள் வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏம் பொண்ணே, உங்க ஊர்ல தவளையே கத்தாதா?"

நான் அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிறந்த ஊர் மல்லாங்கிணறு. அங்கே மழை விட்டதும் தவளைச் சத்தத்தில் பக்கத்தில் படுத்திருப்பவர் பேசுவது கேட்காது. விஸ்வநத்தம் தாண்டி இருந்த இந்தச் சின்ன ஊரில் மழை பெய்தது, நின்றது, நான் தூங்கிவிட்டேன். அவர் கேட்ட பிறகுதான் காது கொடுத்தேன். அன்று சாயங்காலம் மறுபடி மழை. சொட்டுச் சத்தம் அடங்கியதும் அப்படி ஓர் அமைதி. வீட்டுக்குள் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருப்பது போல இருந்தது.

அவர் வீட்டுக்காரர் தீப்பெட்டிக்கு வரி வாங்குகிற ஆபீசில் குமாஸ்தா. மாற்றலாகி வந்து எங்கள் அடுத்த வீட்டில் குடியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். சாயங்காலம் வேலை முடிந்ததும் அறைகளைத் தண்ணீர் தெளித்துக் கூட்டி, சிந்திக் கிடந்த மருந்தையெல்லாம் தண்ணீர்ப் பீப்பாயில் போடுவார்கள். மருந்து என்றால் எங்கள் பக்கத்தில் வெடிமருந்துதான். பீப்பாய் நிறைந்தால் மாட்டு வண்டியில் ஏற்றி ஊருணியின் மேல்கரையில் கொண்டுபோய்க் கவிழ்ப்பார்கள். யாரும் அதை ஒளித்துச் செய்யவில்லை. நல்ல காரியம் செய்கிற நிம்மதியோடுதான் செய்தார்கள். எங்களுக்குப் பயமெல்லாம் தீயின் மேல். கருகிப்போன ஓர் உடம்பையாவது பார்க்காத குடும்பம் அங்கே கிடையாது. தண்ணீருக்குள் போன மருந்து செத்துப்போனது, அவ்வளவுதான்.

அந்த ஊருணிதான் எங்களுக்குக் குடிதண்ணீர். கோடையில் வற்றிவிட்டால் நடுவில் குழி தோண்டுவோம். அடியில் கசியும் ஊற்றைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புவோம். அதுவும் இல்லையென்றால் நாரணாபுரம் பக்கம் ஒரு தோட்டக் கிணற்றுக்கு வெயிலில் நடக்க வேண்டும்.

அக்கா ஊருணிக் கரையில் நின்று பார்ப்பார். நானும் கூட நின்றிருக்கிறேன். தண்ணீரின் மேல் வெள்ளிப் பொடியில் ஓர் ஆடை படர்ந்திருக்கும். காற்று அடித்தால் சுருங்கும், பிறகு மெதுவாக விரியும். குனிந்தால் முகம் தெரியாது, தலை இருக்கும் இடத்தில் ஒரு மங்கல்தான் தெரியும். கொக்குகள் கரைவரை வந்து நிற்கும், காலை எடுத்து வைக்காது. வெள்ளாடு கழுத்தை நீட்டும், மூச்சு விட்டுவிட்டுத் திரும்பிவிடும்.

"ஆடு குடிக்காத தண்ணிய நீ குடிக்கிற. வயித்துல வேற புள்ள" என்றார் ஒரு நாள். நான் முழுகாமல் இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து அந்த வண்டியை நிறுத்துவது ஒன்றே அவருக்கு வேலை ஆகிவிட்டது. கம்பெனி வாசலுக்குப் போனார். பஞ்சாயத்துக்காரர் வீட்டுக்குப் போனார். ஊருணிப் படியில் பெண்களிடம் சொன்னார்.

ஊர் என்ன செய்தது? அவரைத்தான் பார்த்தது, தண்ணீரைப் பார்க்கவில்லை.

பார்க்க அவரிடம் நிறையவே இருந்தது. அவர் காவிரிக் கரையில் வளர்ந்தவர். குளித்தால் ஐந்தாறு குடம் வேண்டும். காலையும் மாலையும் வாசலைக் கழுவித் தள்ளுவார். எங்கள் ஊரில் அரிசி களைந்த தண்ணீர்கூட மாட்டுக்குப் போய்விட்டுத்தான் மண்ணுக்குப் போகும். தீபாவளிக்கு அவர் சின்னப் பிள்ளை மாதிரி கை நிறைய மத்தாப்பு கொளுத்திச் சிரித்ததை ஊரே பார்த்தது. அவர் வீட்டுக்காரர் கையில் எந்நேரமும் சிகரெட்.

என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு மதினி, ஊருணிப் படியிலேயே ஆரம்பித்துவிடுவார்.

"ஏத்தா, காவேரி ஒங்க வீட்டுக் கொல்லையிலதான் ஓடுதோ? தண்ணிய வீணாக்காதீகன்னு நீங்க சொல்றதக் கேக்க எங்களுக்குச் சிரிப்பு வருதுல்ல."

"வீணாக்காதேன்னு சொல்லலீங்க. வெஷமாக்காதேன்னு சொல்றேன்."

"ஒங்க வீட்டய்யா பத்த வைக்காரே, அந்தத் தீப்பெட்டி எங்கன செஞ்சதாம்? தஞ்சாவூர் வயல்ல வெளஞ்சதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். சிரிப்பு வரத்தான் செய்தது.

அவர் போன பிறகு இன்னொருத்தி சொன்னாள்: "தஞ்சாவூருன்னாலே செவப்புக் கொடிதான். இங்கன சங்கம் வைக்க ஆளு அனுப்பியிருக்காக. நாளைக்குக் கம்பெனியப் பூட்டிட்டு இவ பாட்டுக்கு ரயிலேறிருவா. நம்ம பிள்ளைக வயித்துக்கு என்ன பண்றது?"

நான் இதை அக்காவிடம் சொன்னபோது கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் அப்பா ஒரு பெரிய மிராசுதாரருக்குக் கணக்குப் பார்த்தவராம். சிவப்புக் கொடி ஊர்வலம் வந்தால் இவரை நெல் பத்தாயத்துக்குப் பின்னால் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிடுவாராம். சிரித்து முடித்ததும் அவரும் சொன்னார்: "உங்க பக்கத்து ஆளுங்க மட்டும் என்ன? கதர்ச் சட்டையும் கல்லாப்பெட்டியும்தானே. நெழலுக்குக்கூட வாடகை வாங்குவாங்க." என் வீட்டுக்காரர் தகரப் பெட்டிக்கு அடியில் கறுப்பும் சிவப்புமாக ஒரு கொடியை மடித்து வைத்திருப்பதை நான் சொல்லவில்லை. முதலாளிக்குத் தெரிந்தால் வம்பு.

வண்டியைப் பற்றி என் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"அந்தம்மா சொல்லிக் குடுத்தாகளா? மொதல்ல அவுக குளிக்கிறதக் கொறைக்கச் சொல்லு. பெறகு மத்ததப் பேசலாம்."

இதை எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கித்தான் அக்காவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அது நியாயம்தான்" என்றார்.

தை மாதத்திலிருந்து அவர் மாறினார். ஒரு குடம். அதிலேயே குளியல், அதன் மிச்சத்தில் வாசல் தெளிப்பு. எண்ணெய்க் குளியலை விட்டார். வீட்டுக்காரரும் சிகரெட்டை விட்டுவிட்டு, வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு ஆபீஸ் போனார். வெயில் ஏற ஏற அக்காவைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. மஞ்சள் பூசிப் பளபளவென்றிருந்த முகத்தில் புழுதி படிந்தது. தலைமுடி சிக்குப் பிடித்தது. சாயங்கால வெளிச்சத்தில் வெளுத்துப்போன சேலையில் ஊருணிக் கரையில் நின்றால் அடையாளம் தெரியாமல் பேயென்று பயந்து பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிவந்துவிடும்.

அப்படியும் ஊர் கேட்டதா என்றால், "வேசம் போடுதா" என்றார்கள். மதினி இன்னும் ஒரு படி மேலே போனார். "குளிக்காம கொள்ளாம நிக்கா, இவ வாக்குல என்ன சுத்தம் இருக்கும்?"

சித்திரையில் ஊருணி வற்றியது. தரை பாளம் பாளமாக வெடித்து, ஒவ்வொரு வெடிப்பின் ஓரத்திலும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நடந்தால் அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம் வரும். நடுவில் குழி. அதைச் சுற்றிச் சிந்திய தண்ணீரில் ஒரு வட்டம் மட்டும் கறுப்பாக ஈரம். தண்ணீர் நாக்கில் துவர்த்தது. "மண்ணு ருசி" என்று சொல்லிக்கொண்டு குடித்தோம்.

ஒரு விடியற்காலை ஊற்று சரியாகக் கசியவில்லை. நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் குழியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். புதிதாக ஒரு குழி போடலாம் என்று என் வீட்டுக்காரர் கடப்பாரையோடு வந்தார். எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி, காய்ந்த தரையில் இரண்டு குத்துக் குத்தினார். அடுத்த குத்து அடியிலிருந்த கல்லில் பட்டது. 'ணங்' என்றது. ஒரு பொறி தெறித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

வெடிக்கவில்லை. பூனை சீறுவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். கடப்பாரை நின்ற இடத்திலிருந்து பச்சையாக ஒரு தீ எழுந்து, தரையின் வெடிப்புக்குள் இறங்கி ஓடத் தொடங்கியது. வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டால் எப்படி வளைந்து வளைந்து ஓடும், அப்படி ஓடியது. ஒரு வெடிப்பு இரண்டாகப் பிரிந்தால் தீயும் இரண்டாகப் பிரிந்தது. சில இடத்தில் வெள்ளை, சில இடத்தில் பச்சை. ஊருணி முழுவதும் தீயால் கோலம் போட்டது போல. என் வீட்டுக்காரர் ஒரே தாவாகத் தாவிக் கரைப் பக்கம் விழுந்தார். எங்களைப் பார்த்து வந்த தீ ஈர வட்டத்தின் ஓரத்தில் நின்றது. நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்து, எங்களுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டது.

மதினி எழுந்து ஓடப் பார்த்தார். அப்போதுதான் அக்காவின் குரல் கேட்டது. அன்றைக்கு அவரும் தன் ஒரு குடத்தோடு எங்கள் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

"யாரும் எந்திரிக்காதீங்க! ஈரத்துல உக்காருங்க! காஞ்ச மண்ணுல கால வைக்காதீங்க!"

மதினியின் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். என் முந்தானை ஓரத்தில் ஒரு பொறி பிடித்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. அவர் நிரப்பி வைத்திருந்த தன் குடத்தை அப்படியே என் மேல் கவிழ்த்தார். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. அவர் தண்ணீரைக் கொட்டியதற்கு அன்று ஒருத்தரும் சிரிக்கவில்லை.

தீ தானாக அடங்கியது. கந்தக நெடி. கரையில் நின்ற ஆடுகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றன. மதினியை இழுக்கும்போது காய்ந்த மண்ணை மிதித்த அக்காவின் பாதத்தில் இரண்டு இடத்தில் கொப்புளம். எங்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சாயங்காலம் டீக்கடை முன்னால் ஊர் கூடியது. ஆம்பளைகள் பெஞ்சில், நாங்கள் சுவரோரம். நான் எதிர்பார்த்தது, வண்டியைப் பற்றிப் பேசுவார்கள் என்று. பேச்சு வேறு பக்கம் போனது. ஊருணிக் கரையில் ஒரு சிகரெட் துண்டு கிடந்ததாம்.

"வரி ஆபீசு அய்யா குடிச்சிப் போட்டதுதான். இந்த ஊர்ல வேற எவன் சிகரெட்டு குடிக்கான்? நம்மாளுக பீடிதானே."

"அவுக விட்டுட்டாகன்னு சொன்னாகளே?"

"ஏலே, விட்டவன் எவன்லே உண்டு? ஒளிச்சுக் குடிச்சிருப்பாரு. வம்பிழுக்கணும்னே போட்டிருப்பாக. நாளைக்குக் கம்பெனிய மூடச் சொல்லி எழுதுவாக பாரு."

எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா கொப்புளக் காலோடு ஓரமாக நின்றார். ஐந்தாறு குடத்தை ஒரு குடமாக்கிய மனுஷி. இன்னும் எதைக் குறைத்துக்கொண்டால் கேட்பார்கள் என்று தேடுவது போல முகம் இருந்தது.

நான் ஆம்பளைகள் இருக்கும் இடத்தில் பேசியவள் இல்லை. என் வீட்டுக்காரரிடமே கதவைப் பார்த்துத்தான் பேசுவேன். அன்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"சிகரெட்டு இல்ல. கடப்பார கல்லுல பட்டுச்சு. பொறி வந்துச்சு. அந்த மண்ணு பூரா மருந்து."

மதினிதான் முதலில் திரும்பினார். "ஏளா, நீ யாரு சோத்தத் திங்க? மருந்துக் கம்பெனிச் சம்பளந்தானே ஒன் வயித்துப் பிள்ளைக்கும் சோறு போடுது?"

"ஆமா மதினி, அந்தச் சோறுதான் திங்கேன். நான் திங்கதுனால மண்ணுல மருந்து இல்லன்னு ஆயிருமா?"

என் குரல் எனக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது. பெஞ்சின் கடைசியிலிருந்து என் வீட்டுக்காரர் எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"கடப்பார என் கையிலதான் இருந்துச்சு. அவ சொல்றது நெசம்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

பிறகு பீப்பாய் வண்டி ஊருணிப் பக்கம் வரவில்லை. எங்கே போகிறது என்று வெகுநாள் கழித்து என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். தெற்கே கல் வெட்டி எடுத்துவிட்டுப் பாழாகக் கிடந்த ஒரு பள்ளக் கிடங்கு, வேறு ஊர் எல்லை என்றார். அந்த ஊரில் யார் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று நான் கேட்டதும் அவர் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எங்கள் ஊருணியில் மறுபடி யாரும் ஊற்றுத் தோண்டவில்லை. தோட்டக் கிணற்றுக்குத்தான் நடந்தோம். மதினியும் நடந்தார். நடக்கிற வழியெல்லாம் தஞ்சாவூர்க்காரியைத் திட்டிக்கொண்டே நடந்தார்.

எனக்குப் பெண் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அடுத்த ஐப்பசியில் அக்கா வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்தது. புறப்படுவதற்கு முந்தின நாள் நான் தோட்டக் கிணற்றுக்குப் போய்வந்து போய்வந்து அவர் வீட்டு அண்டாவை நிரப்பினேன்.

"என்ன பொண்ணே இது, எதுக்கு இவ்வளவு?"

"குளிங்கக்கா. நல்லா ஊத்திக் குளிங்க."

விரல் நுனியால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வேலிப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவர் குளிக்கிற மறைப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம், குடம் குடமாக. முந்தின நாள் மழையில் ஊருணி நிறைந்திருந்தது. பொழுது சாயும் நேரம். அவர் ஊற்றி முடித்து, சொம்பைக் கீழே வைத்த சத்தமும் கேட்டது. அதற்குப் பிறகு ஊருணிப் பக்கமிருந்து ஒரு தவளைச் சத்தமாவது வருகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவரும் அசையாமல் நிற்பது தெரிந்தது. அவரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.