கழிப்பறை கேட்டு எழுதிய மூன்று பக்கம்

போடி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தட்டச்சும் உண்டு. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு எரியவில்லை என்று யாருக்கு என்ன மனு வேண்டுமானாலும் எதிரில் உட்காரவைத்து எழுதித் தருவேன். பல வருடங்களாக இதுதான் சோலி. "அந்தக்கா எழுதுனா ஆபீசரு ஒரு நிமிசமாச்சும் நின்னு படிப்பாரு" என்று சொல்லி ஆள் அனுப்புவார்கள். அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்ததை மறைக்கமாட்டேன்.

ஒருநாள் காலையில், பத்தாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள் கடைக்கு வந்தாள். ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவள். விடியும் முன்னே ஜீப் ஏறி, போடிமெட்டு வளைவுகளையெல்லாம் கடந்து, கேரள எல்லைக்குள் இறங்கி வேலை பார்த்துவிட்டு, பொழுது சாய வீடு திரும்புவாள். அன்று வேலைக்குப் போகவில்லை. முகம் வெளுத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. காப்பீட்டுக்காக ஆஸ்பத்திரிக் காகிதங்களை நகல் எடுக்க வந்திருந்தாள்.

நகல் எடுக்கும்போது கண் தானாகப் படித்துவிடும். சிறுநீர்ப் பாதையில் தொற்று, சிறுநீரகம் வரை ஏறியிருந்தது.

"என்னடி இது, இத்தன நாளு ஆஸ்பத்திரில கெடந்திருக்க?"

"தண்ணி குடிக்காம இருந்தா வரத்தானடி செய்யும். டாக்டரம்மா ஏசிட்டாக."

"ஏன் குடிக்கல?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "குடிச்சா போகணும்ல? எங்கிட்டுப் போறது?"

அதைச் சொல்லிவிட்டுக் காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். தினமும் காலையில் பால் வாங்கப் போகும்போது அந்த ஜீப்புகளைப் பார்க்கிறவள் நான். பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் நாள் முழுக்க எங்கே ஒதுங்குவார்கள் என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றியதில்லை. அன்று முழுவதும் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த வாரத்திலேயே ஓர் அறக்கட்டளையின் அறிவிப்பு கண்ணில் பட்டது. பெண்களின் சுகாதாரம் சார்ந்த சிறு கட்டுமானங்களுக்கு உதவுகிறார்கள், புரபோசல் அனுப்பலாம் என்று போட்டிருந்தது. மனு எழுதத் தெரிந்த எனக்குப் புரபோசல் எம்மாத்திரம் என்று நினைத்தேன். இணையத்தில் மாதிரிகளைத் தேடினேன். கண்ணியம், அதிகாரமளித்தல், விளிம்புநிலை, நிலைத்த வளர்ச்சி என்று நல்ல கனமான சொற்களாகப் பொறுக்கி எடுத்துப் பன்னிரண்டு பக்கம் அடித்தேன். போடியில் ஜீப் புறப்படும் இடத்தில் கழிப்பறைகள், ஓய்வுக்கூடம், விழிப்புணர்வுப் படம் காட்ட ஒரு டிவி. முகப்பில் பனி மூடிய மலையின் படம். அது எந்த ஊர் மலையோ எனக்கே தெரியாது.

தனியாளாக அனுப்ப முடியாது, என் பெஞ்சுக்காரி இருக்கும் மகளிர் குழுவின் பெயரில்தான் அனுப்ப வேண்டும். கையெழுத்து வாங்கப் போனேன்.

"இதுல என்னடி எழுதிருக்க?" என்று கேட்டாள்.

"எல்லாம் நல்லபடியாத்தான் எழுதிருக்கேன். போடு."

போட்டாள். படித்துக் காட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சில வாரங்கள் கழித்து மின்னஞ்சலில் இரண்டு வரி வந்தது. தங்கள் முன்மொழிவைப் பரிசீலித்தோம், ஏற்க இயலவில்லை, வருந்துகிறோம். எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. கீழே இருந்த எண்ணுக்கு அடித்தேன். ஓர் அம்மா எடுத்தார். பேருந்தில் போய்க்கொண்டிருந்தார்போல, ஹாரன் சத்தம் கேட்டது. நான் என்னென்னவோ பேசினேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"பன்னிரண்டு பக்கத்தையும் படிச்சேம்மா. தமிழ் ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆனா அதுல ஒரு பெண்ணைக்கூட என்னால பார்க்க முடியலையே" என்றார். "இதே வரிகள் கடற்கரை ஊர்லேருந்து வந்த ஒரு புரபோசல்லயும் இருக்கு. அங்க மீன் விக்கிறவங்க, இங்க ஏலக்காய் எடுக்கிறவங்க. அந்த வார்த்தை மட்டுந்தான் வேற."

மேசைமேல் கிடந்த என் பன்னிரண்டு பக்கத்தைப் புரட்டினேன். அவரே தொடர்ந்தார்.

"கட்டி முடிச்சப்புறம் யாரு கழுவுவாங்க? தண்ணி எங்கேருந்து வரும்? தோட்டக்காரங்க ஏன் கட்டித் தரல? இதையெல்லாம் என்கிட்ட நாலு பேர் கேப்பாங்க. நீங்க எழுதுறது எனக்காக இல்லம்மா. உங்களுக்காக நான் உள்ள போய்ப் பேசுறப்ப என் கையில இருக்கவேண்டியது அது. அதுல பதில் இல்லேன்னா நான் என்னத்தைப் பேசுவேன்?"

மறுபடி அனுப்பலாமா என்று கேட்டேன். தாராளமாக அனுப்புங்கள் என்றார். தன் பயண நேரத்தில் அரை மணி நேரத்தை, தன்மேல் எரிந்துவிழுந்த முகம் தெரியாத ஒருத்திக்குக் கொடுத்தார். அப்படிச் செய்ய அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் நெகிழ்ந்துவிடுகிறது.

என் பெஞ்சுக்காரி தேறி மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் கடையைச் சாத்திவிட்டு அவளோடு நானும் ஜீப்பில் ஏறினேன். "என்னக்கா, மெசினையும் தூக்கிட்டு வந்துட்டியா?" என்று ஒருத்தி கேட்க, வண்டியே சிரித்தது. மெட்டில் நின்றபோது குளிருக்கு ஒரு டீ வாங்கினேன். "குடிக்காதக்கா, வம்பு" என்றார்கள். நான் கேட்கவில்லை.

ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும். காயோ அடியில், தரையோடு ஓடும் சரத்தில் இருக்கும். நாள் முழுக்கக் குந்தியே நகரவேண்டும். மழை தூறிக்கொண்டிருந்தது. காலில் அட்டை ஏறியது. பத்து மணிக்கெல்லாம் எனக்கு அந்த டீயின் வம்பு புரிந்துவிட்டது. மேலே பாதையில் ஆட்கள் போய்வந்தார்கள், கீழே மருந்தடிக்கிற ஆண்கள். சொல்லக் கூச்சமாக இருந்தது. அவளே என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் படுதாவை அவிழ்த்து, சரிவில் ஒரு மறைவுக்குக் கூட்டிப்போய், இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிட்டுத் திரும்பிக்கிறேன். வெரசா முடி. கால வழுக்கிரும், செடியப் பிடிச்சுக்க."

மழையில் நனைந்துகொண்டு எனக்காக அவள் முதுகைக் காட்டி நின்ற அந்த நேரத்தில் அழுகை வந்துவிட்டது. அவளுக்கோ அது தினப்படி.

மதியச் சாப்பாட்டின்போது, போடி ஜீப் ஸ்டாண்டில் கழிப்பறை கட்ட நான் எழுதிய கதையைச் சொன்னேன். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போடில எதுக்குக்கா? வீட்டுலதான் கக்கூஸ் இருக்கே. இங்கயில்ல வேணும்!"

எங்கே வேண்டும் என்றும் அவர்களே காட்டினார்கள். ஜீப் இறக்கிவிடும் வளைவில் ஐந்து சின்னத் தோட்டங்களுக்குப் பாதை பிரிகிறது. அங்கே வைத்தால் ஐந்து தோட்டத்துப் பெண்களுக்கும் ஆகும். வாசல் ரோட்டைப் பார்த்து இருக்கக்கூடாது. உள்ளே நல்ல தாழ்ப்பாள் வேண்டும். தூக்குச்சட்டிப் பையை மாட்ட ஓர் ஆணி வேண்டும். டிவியை யாரும் கேட்கவில்லை.

அந்த வளைவு நிலத்துக்காரர் போடியிலேயே இருக்கிறவர். என் பெஞ்சுக்காரி காய் எடுப்பதும் அவர் தோட்டத்தில்தான். நானும் அவளும் அவர் வீட்டுக்குப் போனோம். "அஞ்சு தோட்டத்து ஆளும் வந்து போனா நாறிப்போகும்மா. நான் எதுக்கு எடம் குடுக்கணும்?" என்றார். நான் பெண்களின் கண்ணியத்தைப் பற்றித் தொடங்கினேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது அவள் குறுக்கே பேசினாள்.

"மொதலாளி, நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப எம்பங்குக் காய யாரு எடுத்தது?"

"ஆளு எங்க கெடச்சுச்சு? பழுத்து வெடிச்சுப்போச்சு."

"அது நான் ஒருத்தி படுத்ததுக்கு. வீட்டுக்குத் தூரமான நாள்ல எத்தன பேரு வயித்துவலின்னு சொல்லிட்டு வராம இருக்காக தெரியுமா? வலியெல்லாம் இல்ல மொதலாளி. துணி மாத்த எடம் இல்ல."

அவர் உள்ளே திரும்பி, "ஆத்தா, இவுகளுக்குக் காப்பி கொண்டா" என்று மகளிடம் சொல்லிவிட்டு, எங்கள் எதிரிலேயே மற்ற நான்கு தோட்டக்காரர்களுக்கும் போன் போட்டார். இடம் அவருடையது, தண்ணீர் அவர் தொட்டியிலிருந்து. கழுவுகிற ஆளின் கூலியை ஐந்து தோட்டமும் முறைவைத்துக் கொடுப்பது. மூன்று பேர் சரி என்றார்கள், ஒருவர் பார்க்கலாம் என்றார். அதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தார். பல வருடம் மனு எழுதிய நான் சொல்லத் தெரியாமல் நின்ற இடத்தில், அவருக்கு எது நட்டம் என்பதிலிருந்து அவள் பேச்சைத் தொடங்கியிருந்தாள்.

இரண்டாவது புரபோசல் மூன்று பக்கம். இப்படித் தொடங்கினேன்: "இந்தப் பெண்கள் வசிப்பது தமிழ்நாட்டில், வேலை செய்வது கேரளாவில். இங்கே கேட்டால் அங்கே போகச் சொல்கிறார்கள், அங்கே கேட்டால் இங்கே. காலை ஜீப் ஏறியதிலிருந்து மாலை வீடு திரும்பும்வரை இவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. நான் ஒருநாள் குடித்துப் பார்த்தேன்." அதன் கீழே அந்தப் படுதாவைப் பற்றி எழுதினேன். பிறகு இடம், தண்ணீர், கழுவும் ஏற்பாடு, தோட்டக்காரர்கள் தருவது, நாங்கள் கேட்பது. கடைசியில் ஒரு பத்தி, எதெல்லாம் தவறிப்போகலாம் என்று: காய் இல்லாத மாதங்களில் கவனிக்க ஆள் இருக்காது, பெருமழையில் பாதை சரியலாம், ஒரு தோட்டக்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை. நம் பலவீனத்தை நாமே எழுதுவதா என்று கை தயங்கத்தான் செய்தது. அந்த அம்மாவிடம் நாலு பேர் கேட்பார்களே என்ற நினைப்பில் எழுதினேன்.

இந்த முறை, ஞாயிற்றுக்கிழமை என் பெஞ்சுக்காரி வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். "அட்டைய எழுதிட்ட, பாம்ப விட்டுட்டியேக்கா" என்றாள் ஒருத்தி. பாம்பைச் சேர்த்தேன். இன்னொருத்தி, அதுவரை பேசாமலே இருந்தவள், கையை நீட்டி என்னை நிறுத்தினாள்.

"பாவப்பட்ட பெண்கள்னு ஒரு எடத்துல படிச்சியே, அத எடுத்துரு. நாங்க பாவமில்ல. சம்பாரிக்கிறோம்."

எடுத்துவிட்டேன். அந்தச் சொல் இல்லாமல் வாசித்தபோது அந்தப் பத்தியே நிமிர்ந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

அறக்கட்டளை அம்மா நேரில் வந்தார். அதே ஜீப்பில் ஏறி, அதே வளைவில் இறங்கிப் பார்த்தார். நிலத்துக்காரரிடம் பேசினார். பெண்கள் எங்கே ஆணி அடிக்கவேண்டும் என்பதுவரை அவருக்குக் காட்டினார்கள். திரும்பும்போது என்னிடம், "தப்பு எங்க நடக்கலாம்னு எழுதியிருந்தீங்களே, அந்தப் பத்தியை வச்சுத்தாம்மா உள்ள பேசினேன். இவங்க யோசிச்சிருக்காங்கன்னு எல்லாருக்கும் பட்டுடுச்சு" என்றார்.

நாங்கள் கேட்ட இரண்டு அறைகளும் கிடைத்தன. மழைக்கு ஒதுங்கக் கேட்ட கூரை கிடைக்கவில்லை. மழையால் வேலை இழுத்தது. நாங்கள் எழுதியபடியே பாதை ஒருமுறை சரிந்தும்விட்டது. தோட்டக்காரர்களே ஆள் விட்டுச் சரி செய்தார்கள். சம்மதிக்காத அந்த ஒருவர் இன்னும் கூலிப் பங்கு தருவதில்லை. ஆனாலும் அவர் தோட்டத்துப் பெண்களை யாரும் தடுப்பதில்லை.

திறப்பு விழா என்று ஒன்றும் நடக்கவில்லை. முதல்நாள் பெண்கள் வரிசையாக நின்றதில் நேரமாகிவிட்டது. ஒருத்தி பையை ஜீப்பிலேயே விட்டுவிட்டு வரிசையில் நின்றுவிட்டாள்; அடுத்த லோடு ஏற்றப் போகவேண்டிய ஜீப் டிரைவர் அண்ணன், கடைசி ஆளாக அவள் வந்து பையை எடுக்கும்வரை ஹாரனை அடித்துத் தீர்த்தாராம். என் பெஞ்சுக்காரி சாயங்காலம் கடைக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

போன மாதம் குரங்கணிப் பக்கமிருந்து நான்கு பெண்கள் வந்தார்கள். "எங்களுக்கும் அதே மாதிரி ஒண்ணு அடிச்சுக் குடுங்கக்கா, பேர மட்டும் மாத்திக்கிருவோம்" என்றார்கள். அன்று என் பெஞ்சுக்காரிக்கு வேலை இல்லை. கடையில்தான் இருந்தாள். நான் வாய் திறக்குமுன் நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"அதே மாதிரியெல்லாம் வேணாம். மொதல்ல ஒங்க எடத்தச் சொல்லுங்க. தண்ணி எங்கிட்டு இருக்கு? கழுவப்போறது யாரு?"

ஒருத்தி மெல்லச் சொல்லத் தொடங்கினாள். நான் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து, அவள் சொல்கிற வார்த்தைகளிலேயே அடித்துக்கொண்டு போனேன்.