குள்ளத் திமிங்கிலமும் பொண்ணு பாக்க வந்தவங்களும்

என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்க ரிஷிவந்தியம் பக்கம். கருணாபுரத்துல எங்க வூடு தேடி அவங்க வந்ததே பெரிய விஷயம்னு அம்மாவுக்குக் காலையிலேர்ந்து கால் தரையில பாவல. அப்பா சாராயம் குடிச்சிப் போய்ச் சேர்ந்த பிறகு வந்த முதல் சம்பந்தம் அது. கரும்பு வெட்டி என்னைப் படிக்க வெச்சவங்க, நான் வாயைத் தொறந்து எங்க கெடுத்துடுவேனோன்னு பயந்துக்கினு இருந்தாங்க. அதனால பொண்ணு மீன் ஆபீஸ்ல வேலை செய்யுதுன்னு அவங்களே சொல்லி வெச்சிட்டாங்க.

எனக்கு அது பொறுக்கல. நான் கப்பல்ல போய்த் திமிங்கிலம் பாத்துக் கணக்கெடுக்கறவ. அடுத்த வாரம் மறுபடி கடலுக்குப் போவணும். இதுல மறைக்க இன்னா இருக்கு? திருடியா சம்பாதிக்கறேன்? மாப்பிள்ளையோட அத்தை, மீன்ல உனக்கு இன்னா வேலைன்னு கேட்டதும் சொல்லிட்டேன்.

மீனே இல்லீங்க, குள்ளத் திமிங்கிலம்னேன். ஒரு எருமை நீளந்தான் இருக்கும். மேல வந்தா கட்டை மாதிரி அசையாம கெடக்கும். அப்புறம் துளி சத்தமில்லாம அப்படியே உள்ள அமுங்கிடும். வெளிச்சமே எட்டாத ஆழத்துல போய்க் கணவாய் புடிச்சித் தின்னும். மெரண்டுச்சுன்னா பின்னாலேர்ந்து செவப்பும் பழுப்புமா ஒண்ணைப் பீச்சித் தண்ணியைக் கலக்கி வுட்டுட்டு, அந்த மறைவுலயே தப்பிச்சிடும்.

அத்தை சட்னியில தோச்ச பஜ்ஜியைத் தின்னாம கீழ வெச்சிட்டாங்க. அம்மா என் தொடையில கிள்ளினாங்க. அவ்ளோ ஆழம் போனா மூச்சுக்கு இன்னா பண்ணும்னு மாப்பிள்ளை மட்டும் கேட்டார். ரொம்ப நேரம் தம் புடிக்கும், ஆனா மூச்சு வுட மேல வந்துதான் ஆவணும்னு சொன்னேன்.

அத்தை அதுக்குள்ள முடிவு பண்ணிட்டாங்க. கல்யாணம் ஆனா கடல் பக்கமே போவக் கூடாதாம், ஆம்பளைங்களோட கப்பல்ல தங்கக் கூடாதாம். முடியாதுங்கன்னேன். மாப்பிள்ளை தலையைக் குனிஞ்சிக்கினு டீயை ஆத்தினார். அத்தை அம்மா பக்கம் திரும்பினாங்க.

"அப்பன் குடிச்சிச் செத்த வூடு. போனாப் போவுதுன்னு நாங்க வந்தா, இவ்ளோ திமிரா?"

அம்மா எழுந்தாங்க. டீ ஆறிடும், குடிச்சிட்டுக் கெளம்புங்கன்னு ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாங்க. வாசல்ல செருப்பை மாட்டிக்கினே, இனிமே இவளை எவன் கட்டுவான்னு அத்தை கேட்டாங்க.

"கட்டலன்னா போவட்டும்"னு சொன்னாங்க அம்மா. "எம் பொண்ணு எவ்ளோ ஆழம் போனாலும் மூச்சு வுட மேல வருவா. தரையிலயே முழுகிப் போனாரே அவங்கப்பா, அப்படிப் போவ மாட்டா."