ஐஸ் அறையில் ஒரு மணி நேரம்

பங்குனி வெயிலில், மதுரையில் ஒரு மனுஷனுக்கு ஜலதோஷம் பிடிக்குமா?

பிடித்திருக்கிறது. எனக்குத்தான். ஊரே விசிறியும் கையுமாக அலைகிறது. நான் மட்டும் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, தும்மலுக்கும் தும்மலுக்கும் நடுவே இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

காரணம் ஜைனம்பு அக்கா. தெற்கு மாசி வீதியில் குடைக்கடை வைத்திருக்கும் குடும்பம். என்னோடு படித்த இஸ்மாயிலின் அக்கா. தாயில்லாத தம்பியை நாலு வயதிலிருந்து தூக்கி வளர்த்தவர். அவனுக்கு நெஞ்சு கொஞ்சம் பலவீனம் - மார்கழி பிறந்தால் போதும், உள்ளே விசில் அடிக்கும். அவர்கள் அத்தா, தகப்பனார், கண்மூடியதும் ஒரு மார்கழி இருமலில்தான்.

அப்படிப்பட்டவனுக்குப் போன ஆவணியில் மான்செஸ்டரில் இடம் கிடைத்தது. நூற்பாலைப் படிப்பு!

அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மூன்று நாள் வாயே திறக்கவில்லை. நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அங்கே எம்புட்டுக் குளிரும்?" என்று கேட்டார்.

எனக்கென்ன தெரியும்? நான் கண்ட குளிரெல்லாம் கொடைக்கானல்தான். பசுமலையில் ஒரு வெள்ளைக்கார வாத்தியார் இருந்தார். போய்க் கேட்டேன். மனுஷர் ஜன்னல் வழியாக மேகமே இல்லாத வானத்தை ரொம்ப நேரம் பார்த்தார். எங்கோ போய்த் திரும்பி வந்தவர் போல, "குடையை மட்டும் மறக்க வேண்டாம்" என்றார்.

கடையில் வந்து சொன்னேன். ஒரே சிரிப்பு. "குளிரைக் கேட்டா குடையைச் சொல்றாரு! அதுவும் நம்மகிட்டயே!" என்றான் இஸ்மாயில். இந்த ஊரில் குடை என்பது வெயிலுக்கு. அங்கேதான் வெயிலே கிடையாதாமே, குடை எதற்கு?

அப்புறம் நடந்த ஏற்பாடுகளைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கம்பளி மூன்று. காதை மூடும் குல்லா இரண்டு. சுக்கு, மிளகு, ஓமம், கருப்பட்டி, நீலகிரித் தைலம்... டிரங்குப் பெட்டியைத் திறந்தால் நாட்டு மருந்துக்கடை வாசனை. பெட்டி மூடிய பிறகும் அக்காவுக்கு மனசு ஆறவில்லை. கடைசியாக ஒரு நிபந்தனை போட்டார்.

"ஐஸ் பாக்டரி ரூமுக்குள்ள ஒரு மணி நேரம் இருந்து காட்டட்டும். அப்புறம் போகட்டும்."

ரயிலடிப் பக்கத்து ஐஸ் பாக்டரியில் போர்மேன் தெரிந்தவர். துணைக்கு நானும் உள்ளே போனேன். கதவைச் சாத்தினார்கள்.

வெளியே அத்தனை சந்தடி. உள்ளே ஒரு சத்தமில்லை. எங்கள் மூச்சு புகையாகக் கிளம்பி மெல்லக் கலைந்தது. ஆளுயரத்துக்கு அடுக்கிய ஐஸ் பாளங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் வெள்ளையாய் என்னவோ உறைந்து கிடந்தது. பார்க்கப் பார்க்க அது தெருவாகத் தெரிந்தது... சாய்ந்த கூரைகளாகத் தெரிந்தது...

"மாப்ள, பனி விழுந்தா சத்தமே கேக்காதாம். தூங்கி முழிச்சா ஊரே வெள்ளையாக் கெடக்குமாம்" என்றான் இஸ்மாயில். ஆள்தான் பக்கத்தில் இருந்தான். மனசு கப்பல் ஏறி எத்தனையோ நேரம் ஆகியிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். தம்பியின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். விசில் இல்லை.

"போயிட்டு வா" என்றார். அழுதது அவன்தான்.

போய் இறங்கியவன் எழுதிய முதல் கடிதம்: "குளிரைச் சமாளிக்கிறேன் அக்கா. மழைதான் விடமாட்டேங்குது. நாளெல்லாம் தூறல். யாரைப் பார்த்தாலும் முதல் பேச்சு வானத்தைப் பற்றித்தான். ஒரு குடை வாங்கிவிட்டேன்."

"அடப்பாவி! குடைக்கடைக்காரன் மகன் அடுத்தவன் கடையில போயி குடை வாங்கினானா?" அக்காவுக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே கடையிலிருந்த நல்ல குடை ஒன்று பார்சலில் கப்பலேறியது.

போன வாரம் வந்தது அடுத்த ஏர்மெயில். நான்தான் வாசித்துக் காட்டினேன். "மார்ச் மாதத்திலும் பனி கொட்டுகிறது. நெஞ்சு லேசாக விசில் அடிக்கிறது. டாக்டர் பயமில்லை என்கிறார்." அந்த விசிலை விழுங்கிவிட்டு வாசித்திருக்கலாம். எனக்கு ஏது அந்தச் சாமர்த்தியம்?

அக்கா கடிதத்தை வாங்கி மடித்தார். உள்ளே போய் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்தார்.

"ஐஸ் பாக்டரி வரைக்கும் வாரியா தம்பி?"

"அங்கே எதுக்கக்கா?"

"கொஞ்ச நேரம் உள்ள உக்காந்துட்டு வாரேன். அவன் மட்டும் குளிர்ல கெடக்கணுமா?"

கூடப் போனேன்.

அதே அறை. அதே வெள்ளைப் பாளங்கள். ஒரு சாக்கை மடித்துப் போட்டு அக்கா உட்கார்ந்தார். தன் மூச்சு புகையாகப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். இஸ்மாயில் பார்த்த ஊர் அவர் கண்ணுக்கும் தெரிந்ததோ என்னவோ, கேட்கத் தைரியம் வரவில்லை.

"அன்னைக்கு அவன் தோத்துருவான்னு நெனச்சுத்தான் தம்பி இதுக்குள்ள அனுப்புனேன்."

நான் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டேன்.

"அங்கேயும் இம்புட்டுத்தான் இருக்குமா?"

"இம்புட்டுத்தான்க்கா" என்றேன். கூசாமல் பொய் சொன்னேன்.

கால் மணி நேரத்தில் போர்மேன் பயந்துபோய்க் கதவைத் திறந்தார். அனல் காற்று உள்ளே பாய்ந்தது. அப்பாடா என்று நான் எழுந்தேன். அக்கா அசையவில்லை.

"இன்னும் ஒரு மணி நேரம் ஆகலையே... கதவைச் சாத்துங்கண்ணே."

என்னையும் சேர்த்து உள்ளே வைத்துச் சாத்திவிட்டார். அதில் வந்ததுதான் இந்தத் தும்மல்.