எஸ்தரின் இடது கை

சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டில் பேருந்து நின்றிருந்தபோது எஸ்தரின் மகள் போன் செய்தாள். "ஆன்ட்டி, அம்மா பூட்டாங்க" என்றாள். கேட்டைத் திறந்தார்கள், பேருந்து நகர்ந்தது. செங்கல்பட்டு வரும்வரை நான் அழவில்லை.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் சிலர் எங்களோடு வேலை பார்த்தவர்கள். தொண்ணூறுகளின் நடுவில் கொசு ஆராய்ச்சிக்கூடத்தில் நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் டெக்னிக்கல் அசிஸ்டெண்டாகச் சேர்ந்தோம், தற்காலிகமாக. சதுரங்கப்பட்டினத்துக் கிணறுகளில் பிடித்த கொசுப்புழுக்களை வளர்த்து, அந்த வம்சம் அற்றுப்போகாமல் காப்பது எங்கள் வேலை. பெண் கொசு ரத்தம் குடித்தால்தான் முட்டையிடும். அதனால் தினமும் பத்து நிமிடம் கூண்டுக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நோயில்லாத கொசுக்கள்தான், அரிப்புக்கு மட்டும் குறைச்சலில்லை. ஆளுக்கொரு கூண்டு. யார் கை கொடுத்தது என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். யாராவது கேட்டால் நான் 'ஆபீஸ் வேலை' என்று மழுப்புவேன். எஸ்தர் மழுப்பமாட்டாள். "கொசுவுக்கு சோறு போடறேன்" என்பாள்.

என் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் வேலைக்கு வந்தேன். நலங்கு வைத்த மஞ்சளும் சந்தனமும் கையில் ஊறிக் கிடந்தன. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் வாசனை போகவில்லை. கூண்டுக்குள் கையை விட்டால் ஒரு கொசுகூட உட்காரவில்லை. முட்டை விழாவிட்டால் கூண்டு காலி. கூண்டு போனால் என் வேலையும் போய்விடும். எஸ்தர் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, கல்யாணப் பொண்ண கொசு கூட தொடமாட்டேங்குது? தள்ளு. என் கை ரெண்டும் சும்மாதான் கீது."

ஒன்பது நாள் வலது கையை அவள் கூண்டிலும் இடது கையை என் கூண்டிலும் விட்டாள். முழங்கை வரை தடித்துப்போனது. பதிவேட்டில் இடது கைக்கு என் கையெழுத்தை அவளே போட்டாள். "நீ குடுக்கலன்னு தெரிஞ்சா உன்ன நிறுத்திடுவாங்க" என்றாள்.

சில மாதங்கள் கழித்து அவள் மகளுக்கு அம்மை போட்டது. எஸ்தர் இரண்டு நாள் வரவில்லை. அவள் கூண்டுக்கு நான்தான் கை கொடுத்தேன். பதிவேட்டில் என் பெயரையே எழுதினேன். அவள் பெயரை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை, பாவி.

மறு வருஷம் நிரந்தர வேலை ஒன்றே ஒன்று வந்தது. நேர்காணலில் அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார்.

"கல்யாண சமயத்துலகூட ஒரு நாள் விடல போலிருக்கே?"

"ஆமாம் சார்" என்றேன். எஸ்தர் பெயரில் இரண்டு நாள் இல்லை. வேலை எனக்கு வந்தது.

எஸ்தரிடம் சொன்னேன். "போவட்டும் வுடு. ஒருத்தியாவது உள்ள இருந்தாதான் கூண்டுக்கு ஆள் இருக்கும்" என்றாள். இரண்டு வருஷத்தில் தற்காலிக ஆட்களை நிறுத்தினார்கள். பின்னாளில் அவள் சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குத் தரை துடைக்கப் போனாள். வழியில் பார்த்தால், "கொசுங்க சாப்டுச்சா?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் பலமுறை வேறு பேருந்தில் ஏறியிருக்கிறேன்.

நேற்று பெட்டியை மூடும் முன் அவள் இடது கையைத் தொட்டேன். ஒரு தடிப்புகூட இல்லாமல் வழவழவென்று இருந்தது.

அந்த ஒன்பது நாளும் கை கொடுத்தவள் எஸ்தர். அவளைத் தெரிந்த உங்களிடமாவது இதைச் சொல்லிவிட்டேன். அவளுடையது என்று என்னிடம் இருப்பது நான் உட்காரும் நாற்காலி. நாளைக் காலையிலும் அதில் போய்த்தான் உட்கார வேண்டும்.