கூழில் மட்டும் குறைந்த உப்பு

செல்லியம்மாள் தோளில் பையை மாட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் நுழைந்தால், பாதிப் பேருக்குத் திடீரென்று கழனியில் வேலை வந்துவிடும். பைக்குள் பிரஷர் பார்க்கும் மிஷினும் மாத்திரையும் இருக்கும். வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு வரவேண்டும். ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொடுத்த வேலை அதுதான். மாத்திரையை யாரும் வேண்டாம் என்பதில்லை. உப்பு என்று வாயைத் திறந்தால்தான் முகம் மாறும்.

"நீ உப்பு போட்டுத்தானே சோறு துன்ற?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். முதலில் அவளும் சேர்ந்து சிரித்தாள். இப்போது அது காதிலேயே விழுவதில்லை. வடக்கனந்தலிலிருந்து மலையடிவாரம் வரை நடந்து குதிகால் வெடித்துக் கிடக்கிறது. வாய் வலிக்கச் சொல்லியும் யார் உப்பைக் குறைத்தார்கள் என்று அவளுக்கே தெரியாது. இதற்குக் களை வெட்டவே போயிருக்கலாம் என்று நானே அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அவள் விடாததற்குக் காரணம் அவள் அண்ணன் பச்சமுத்து. கரும்பு வெட்டும் ஆள். அவர்களுடைய அப்பா வாதம் வந்து படுக்கையிலேயே கிடந்து செத்தவர். அண்ணனையும் அப்படிப் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் செல்லியம்மாளின் பயம். பச்சமுத்து மாத்திரையை ஒழுங்காக விழுங்கினார். டாக்டர் மாத்திரையைக் கூட்டியும் பார்த்தார். மிஷின் மட்டும் நூற்றெண்பதை விட்டு இறங்கவில்லை.

"கூழுல உப்பக் கொறச்சியா அண்ணி?" என்று அண்ணன் மனைவி காசியம்மாளைக் கேட்பாள்.

"பேருக்குத்தான் போடறேன் செல்லி. வெயில்ல சதை புடிச்சுக்குதுன்னு கத்தறாரு. அப்பவும் உன் பேச்சுக்காவ கம்மி பண்ணிட்டேன்."

காசியம்மாள் பொய் சொல்கிறவள் இல்லை. அதற்கு நானே சாட்சி. கரும்பு வெட்டும் இடத்தில் எல்லோரும் தூக்குவாளியை நடுவில் வைத்து, ஒருத்தர் கூழை ஒருத்தர் வாங்கிக் குடிப்போம். பச்சமுத்துவின் கூழை ஒரு வாய் குடித்த மாயவன் அதைத் தள்ளி வைத்தான். "செத்தவங்களுக்கு உப்பில்லாம படைக்கிற சோறாட்டம் கீதுப்பா" என்றான். அதற்குப் பிறகு அந்தத் தூக்கை யாரும் தொடவில்லை. மனுஷன் தனியாக உட்கார்ந்து குடித்தார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஒருநாள் பச்சமுத்து மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார் என்று செல்லியம்மாள் அதை எடுத்துக்கொண்டு கரும்புத் தோட்டத்துக்கே வந்தாள். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையில் கூழ். மடியில் ஒரு பொட்டலம் கருவாடு. வறுத்த பிறகும் மேலே உப்புப் பூத்திருந்தது. செல்லியம்மாள் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இத தெனமும் துன்றியா அண்ணே?"

"பின்ன இந்தக் கூழ எப்டி முழுங்கறது? முன்னெல்லாம் உங்க அண்ணி ஒரு துண்டு குடுப்பா. இப்ப பாவம்னு அள்ளி வச்சு அனுப்பறா."

எங்கள் பக்கத்தில் கருவாடு உப்புக் கணக்கில் வராது. அது மீன். உப்பு என்றால் ஜாடியில் இருப்பது. செல்லியம்மாளும் இத்தனை வீட்டில் ஜாடியையும் ஊறுகாயையும்தான் விசாரித்தாள். கருவாட்டைக் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. அவள் வீட்டுக் குழம்பிலும் அதுதான் கொதிக்கிறது. அன்றைக்கு அவள் அண்ணனைத் திட்டவில்லை. மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அண்ணியிடம் சொன்னாள்.

"கருவாட்டப் பத்தி நீ ஒண்ணும் சொல்லலியே செல்லி."

மறுநாளே காசியம்மாள் கருவாட்டை நிறுத்தினாள். ஆனாலும் அந்த வாரமே பச்சமுத்து வாதம் வந்து, உரித்துப் போட்ட கரும்புச் சோகைமேல் விழுந்தார். நாங்கள்தான் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு ஓடினோம். உயிர் தங்கிற்று. வலது பக்கம் போயிற்று.

அதற்கப்புறம் ஒரு மாசம் கழித்து நான் பார்க்கப் போனபோது காசியம்மாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். செல்லியம்மாள் அண்ணனின் இடது கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். மிஷினைப் பார்த்தாள். நம்பாமல் இன்னொரு முறை அடித்துப் பார்த்தாள்.

"கம்மியாயிட்டுது அண்ணி."

"இன்னா கம்மி?"

"பிரஷரு. நூத்தி முப்பதுதான்."

காசியம்மாள் கடைவாயில் வழிந்த கஞ்சியைத் துடைத்துவிட்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

"ஆவட்டும். கரும்பு வெட்டுன கை அந்தாண்ட கெடக்குது பாரு."

செல்லியம்மாள் பட்டையைக் கழற்றிப் பையில் வைத்தாள். அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும். எழுந்திருக்கத்தான் அவளால் முடியவில்லை.