சார் வீட்டு ஆப்பிள்

அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊரில் பிஎச்.டி. இரண்டாம் வருடம், அந்த இலையுதிர்காலத்தில் நான் படித்ததைவிட ஊர் சுற்றியதுதான் அதிகம். அதுவும் என் இஷ்டத்துக்கு அல்ல, சார் குடும்பத்தோடு.

சார் என்றால் என் ஆராய்ச்சி கைடு. சென்னைக்காரர். லேபில் மற்ற எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அது வாயில் வரவே வராது. அவரும் என்னிடம் 'ம்மா' போட்டுப் பேசுவார். நம்மாள், நம்மைக் கைவிட மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு அப்போது புது ப்ராஜெக்ட் ஒன்று வந்திருந்தது. அதற்கான ஆரம்ப சோதனைகளைக் கோடை முழுக்கச் செய்தவள் நான். அது எனக்குக் கிடைத்தால் அதுவே தீசிஸ். கிடைக்காவிட்டால் முதலிலிருந்து தலைப்புத் தேட வேண்டும். சாரிடம் போய்க் கேட்பதா? அவருக்கே தெரியாதா?

செப்டம்பரில் ஆப்பிள் பறிக்கப் போனோம். சாருக்கு ஏதோ டெட்லைன், அவர் வரவில்லை, அதனால் அவர்கள் வேனை நான்தான் ஓட்டினேன். பறித்த ஆப்பிளை சாரின் மனைவி, நான் ஆன்ட்டி என்று கூப்பிடுபவர், அங்கேயே நறுக்கி, மாங்காய்க்குப் போடுவதுபோல் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது. அக்டோபரில் இலை நிறம் மாறுவதைப் பார்க்க மலைப்பக்கம் போனோம். உதிரப்போகிற இலையைப் பார்க்க அத்தனை டிராஃபிக். அப்புறம் பூசணித் தோட்டம். ஒவ்வொரு தடவையும் லேப்டாப்பை எடுத்துப் போவேன், அது வேனிலேயே கிடக்கும்.

பூசணித் தோட்டத்தில் யாரோ ஒரு குழந்தை சாரின் மகளிடம் நான் யார் என்று கேட்டது. "ஷீ இஸ் மை டாட்ஸ் ஸ்டூடன்ட். ஷீ ஹேஸ் டு கம்" என்றாள் அவள். ஆன்ட்டி சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

லேபில் எனக்குப் பிறகு சேர்ந்த டெக்சாஸ்காரன் ஒருவன் இருந்தான். மீட்டிங்கில் சார் சொல்வதையெல்லாம் மறுத்துப் பேசுவான். இவனுக்கு இருக்கிறது ஒருநாள் என்று நினைப்பேன். நவம்பரில் அந்தப் ப்ராஜெக்டை சார் அவனுக்குக் கொடுத்தார்.

மீட்டிங் முடிந்ததும் அவர் அறைக்குப் போனேன். "சார், அது எனக்குன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நீ கேக்கவே இல்லையேம்மா. அவன் வந்து வேணும்னு கேட்டான். மீட்டிங்ல நீ வாயே தெறக்கறதில்ல. உனக்கு இன்ட்ரஸ்ட் இல்லன்னு நெனச்சேன்."

வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? மரியாதையை அல்லவா வைத்திருந்தேன். அவரோ வேலை நாளில் அமெரிக்கர், சனி ஞாயிறில் மட்டும் நம்மாள். எனக்கு வயிறு எரிந்தது, இப்போதும் எரிகிறது.

"தேங்க்ஸ்கிவிங்குக்கு வந்துடு. ஆன்ட்டி சொல்லிட்டே இருக்கா" என்றார்.

சரி சார் என்றேன். அந்த விருந்துக்குப் போகவும் செய்தேன். லேபில் எல்லாரையும்தான் அழைத்திருந்தார்கள். டெக்சாஸ்காரன் மட்டும் வரவில்லை.

"பாவம், அவனுக்குப் புது ப்ராஜெக்ட்டாம். தலைக்கு மேல வேலையாம்" என்று ஆன்ட்டி ஒரு கூடை உருளைக்கிழங்கை என் பக்கம் நகர்த்தினார். "நீ ஃப்ரீயாதானம்மா இருக்க, இதக் கொஞ்சம் தோல் சீவிக் குடு."